மேகத்துக்குள்ள போனா பைலட்டோட காது பொய் சொல்லும்

ராணுவ விமானமோ ஹெலிகாப்டரோ எங்கயாவது விழுந்துச்சுன்னா அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்கு வாட்ஸ்அப்ல ஒரே கேள்விதான் வரும், "டாக்டர், இது நிஜமாவே விபத்துதானா, இல்ல வேற ஏதாவதா?" நான் விமான மருத்துவம் படிச்சவன், பைலட்டுங்களோட கண்ணு, காது, இதயம் எல்லாம் பாத்து பறக்கலாமா வேண்டாமான்னு சொல்றதுதான் என் வேலை. கேக்குறவங்க மேல எனக்கு கோபமே இல்ல. ஆனா பதில் வர்றதுக்குள்ள அவங்களே ஒரு பதிலை நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணிடுறாங்க பாருங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

குன்னூரையே எடுத்துக்குவோம். 2021 டிசம்பர் 8, காலைல 11.48க்கு சூலூர்லேர்ந்து கிளம்புன எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டன்ல இறங்கணும், 12.08க்கே தொடர்பு போயிடுச்சு. உள்ள இருந்த 14 பேர்ல முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்னிக்கே போயிட்டாங்க, குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி இறந்தாரு. ஹெலிகாப்டர் விழுந்த இடத்துக்குப் பக்கத்துல இருக்குற நஞ்சப்பசத்திரம் ஜனங்கதான் முதல்ல ஓடிப்போய் தண்ணி ஊத்துனவங்க, அடிபட்டவங்கள தூக்க வீட்டுக் கம்பளிய குடுத்தவங்க.

தீ அணையுறதுக்குள்ளயே தியரி கிளம்பிடுச்சு. சீனாக்காரன் வேலைன்னாங்க, 2020 ஜனவரில தைவான் தளபதியும் இப்படித்தான ஹெலிகாப்டர்ல செத்தாருன்னு முடிச்சு போட்டாங்க, விடுதலைப் புலிகள்னு கூட ஒரு பேச்சு ஓடுச்சு. ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில முப்படை விசாரணை நடந்துச்சு, கருப்புப் பெட்டிய ஆராய்ஞ்சு, சாட்சிகள விசாரிச்சு, 2022 ஜனவரி 14ல சொன்னது இதுதான்: சதி இல்ல, மெஷின் கோளாறு இல்ல, கவனக்குறைவும் இல்ல. பள்ளத்தாக்குல எதிர்பாராம வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ள போயிருக்கு, பைலட்டுக்கு திசை உணர்வு தப்பிப் போயி, கட்டுப்பாட்டுல இருந்த ஹெலிகாப்டரே நேரா மலையில மோதியிருக்கு.

இதக் கேட்டதும் நிறைய பேருக்கு நம்பிக்கை வரல. "யூனிட்டோட கமாண்டிங் ஆபீசரே ஓட்டுனாரு, அவருக்குப் போய் மேல கீழ தெரியாதா?"ன்னாங்க. நியாயமான சந்தேகம்தான், ஆனா காது சீனியாரிட்டி பாக்காதுங்க.

எங்க பயிற்சில பாரனி சேர்னு ஒரு சுழல் நாற்காலி இருக்கு. பயிற்சிக்கு வர்ற பைலட் கண்ண மூடிட்டு உக்காரணும், எந்தப் பக்கம் சுத்துறோம்னு கட்டை விரலால காட்டிக்கிட்டே இருக்கணும். மெதுவா இடது பக்கம் ஒரே வேகத்துல சுத்துவோம். முதல்ல விரல் சரியா இடது பக்கம் காட்டும். ஒரு இருபது செகண்ட் கழிச்சு விரல் நேரா நிமிந்துடும், நின்னுடுச்சுன்னு நினைப்பாரு, ஆனா நாற்காலி இன்னும் சுத்திட்டுதான் இருக்கும். அப்புறம் நாம நிஜமாவே நிறுத்துவோம், உடனே விரல் வலது பக்கம் திரும்பும், "சார், எதிர்ப்பக்கம் வேகமா சுத்துறீங்க"ன்னு அடிச்சு சொல்லுவாரு. கண்ணத் தொறக்கச் சொன்னா எதிர்ல அசையாம நிக்கிற சுவத்தப் பாத்து ஆடிப்போயிடுவாரு. எந்தப் பக்கம் திரும்புறோம்னு மூளைக்குச் சொல்ல காதுக்குள்ள மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, அதுக்குள்ள இருக்குற திரவம் டம்ளர சுத்துனா உள்ள இருக்குற தண்ணி மாதிரி, முதல்ல பின்தங்கும், அப்புறம் கூடவே சுத்தும், டம்ளர் நின்னாலும் அது நிக்காது. ரொம்ப மெதுவா சாஞ்சா அந்தத் திரவம் அசைஞ்சதே மூளைக்குத் தெரியாது. வெளிய மலை, மரம், அடிவானம் தெரியுற வரைக்கும் கண்ணு இந்தப் பொய்யத் திருத்திடும். மேகத்துக்குள்ள வெள்ளையத் தவிர ஒண்ணும் இல்ல, அப்ப முன்னாடி இருக்குற மீட்டர மட்டும் நம்பணும், உடம்பு முழுக்க "மீட்டர் தப்பு"ன்னு கத்தும்போது நம்பணும்.

1954ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல மீட்டர மட்டும் பாத்து ஓட்டத் தெரியாத 20 பேர வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, வெளிய எதுவும் தெரியாத நிலைமையில 20 பேருமே கட்டுப்பாட்ட இழந்தாங்க, சராசரியா 178 செகண்ட்ல. ராணுவ பைலட்டுக்கு அந்தப் பயிற்சி உண்டு, ஆனா தாழ்வா பறக்குற ஹெலிகாப்டருக்கு பக்கத்துலயே மலை நிக்கிற பள்ளத்தாக்குல மூணு நிமிஷம் எல்லாம் கிடைக்காது.

2024 டிசம்பர்ல நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில இதே விபத்துக்குக் காரணமா மனிதப் பிழை, விமானக் குழுன்னு ஒரு வரி வந்துச்சு. எனக்கு அந்த வரிய பாத்து மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. டாக்டரா நான் பாக்குறது ஒரு உடம்போட எல்லை, அத தாண்டி யார்கிட்டயும் எதையும் எதிர்பாக்க முடியாது. முழு விசாரணை அறிக்கைய, ரகசியம் எதுவோ அத மட்டும் நீக்கிட்டு, வெளியிட்டா என்ன? வெளியிடாம விட்ட இடத்துலதான் சதி கதையெல்லாம் குடித்தனம் நடத்துது.

நிஜமாவே பதில் கிடைக்காத விபத்தும் இருக்கு. 2016 ஜூலை 22, தாம்பரத்துலேர்ந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோட கிளம்புன ஏஎன்-32 வங்கக் கடல் மேல காணாமப் போச்சு. காணாமப் போனவர் ஃபோனுக்கு அடிச்சா ரிங் போகுதுன்னு ஒரு குடும்பம் சொல்ல, உயிரோட எங்கயோ இருக்காங்கன்னு மாசக்கணக்கா பேச்சு ஓடுச்சு. நெட்வொர்க் ஃபோனத் தேடிட்டு இருக்கும்போதே நம்ம காதுல ரிங் சத்தம் கேக்கலாம், அத யாராவது அந்தக் குடும்பத்துக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லியிருக்கணும், அதுக்குப் பதிலா ஆசையத்தான் ஏத்தி விட்டாங்க. தண்ணிக்கடியில சிக்னல் குடுக்குற கருவி அந்த விமானத்துல இல்ல. பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி சென்னைக் கரையிலேர்ந்து 310 கிலோமீட்டர் தூரத்துல 3,400 மீட்டர் ஆழத்துல சிதறல்களப் படம் பிடிச்சது, 2024 ஜனவரிலதான் அறிவிச்சாங்க. எங்க விழுந்துச்சுன்னு படம் சொல்லும், ஏன் விழுந்துச்சுன்னு சொல்றதுக்கு ரெக்கார்டர், அதாவது கருப்புப் பெட்டி, வேணும். அதனால கடல் மேல பறக்குற ஒவ்வொரு ராணுவ விமானத்துலயும் அந்த சிக்னல் கருவி இருக்கான்னு உங்க எம்.பி.ய கேளுங்க, அது உருப்படியான கேள்வி.

இன்னொண்ணு. குன்னூர்ல ரயில் தண்டவாளம் பக்கத்துல நடந்து போனவங்க செல்ஃபோன்ல எடுத்த வீடியோல ஹெலிகாப்டர் பனிக்குள்ள மறையுறது பதிவாகியிருந்துச்சு, அந்த ஃபோன போலீஸ் வாங்கி தடயவியல் சோதனைக்கு அனுப்புனாங்க. உங்ககிட்ட அப்படி ஏதாவது இருந்தா எடிட் பண்ணாதீங்க, பாட்டு சேக்காதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பி கம்ப்ரஸ் ஆன காப்பி பத்தாது, எடுத்த ஃபோனையே கொண்டு போய் குடுங்க, நேரமும் எஞ்சின் சத்தமும் அந்த ஒரிஜினல்லதான் முழுசா இருக்கும். கீழ கிடக்குற துண்டு எதையும் ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போகாதீங்க, எந்தத் துண்டு எங்க கிடந்துச்சுங்கிறதும் சாட்சிதான்.