கூரை போன கோட்டைக்குச் சுவர்த்தலையே கூரை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மொய்டார்ட் கடலேரியின் முகப்பில் ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் மணல் வழியே நடந்தே போய்விடலாம். அதன் பாறை மேல் நிற்கிறது டியோரம் கோட்டை. எழுத்தில்தான் டியோரம், உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘ச்சீரம்’. 1715-ல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அமர்த்த நடந்த யாக்கபைட் கிளர்ச்சிக்குப் புறப்பட்ட கிளான்ரனால்ட் குலத்தலைவர், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் கோட்டைக்குத் தானே தீ வைக்கச் சொன்னார். அன்று போன கூரை இன்றுவரை திரும்பவில்லை. 1990-களின் இறுதியில் இதை வாங்கியவர் கூரை போட்டு மறுபடியும் குடியிருக்கத் தக்கதாக்க விரும்பினார். அரசின் தொல்லியல் துறை அனுமதி மறுத்தது. பொது விசாரணை நடந்தது, மறுப்பே நிலைத்தது. இந்த வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, 2000-ல், வடமேற்கு மதிலில் ஒரு பெரும்பகுதி சரிந்து விழுந்தது.

‘அப்படியே விட்டுவிடுங்கள்’ என்பது பாதுகாப்பான பதில்போலத் தோன்றும். ஆனால் கூரையில்லாத கல்சுவர் ஒருநாளும் அப்படியே இருப்பதில்லை. அது ஏன் என்று புரிய, சுவரைக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு மீட்டர் தடிமனுள்ள கோட்டைச் சுவர் முழுவதும் கல் என்று நினைத்தால் தவறு. வெளியே ஒரு கல்முகம், உள்ளே ஒரு கல்முகம். நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பிய வயிறு. இரண்டு முகங்களையும் அங்கங்கே குறுக்கே ஓடும் கட்டுக்கற்கள் பிடித்திருக்கின்றன. கூரை இருந்தவரை இந்த வயிற்றுக்குள் மேலிருந்து தண்ணீர் போக வழியில்லை. கூரை போன மறுநாளே சுவரின் தலை வானத்தைப் பார்த்துத் திறந்துவிடுகிறது. டியோரம் இருக்கும் மலைப்பகுதியான மேற்கு ஹைலேண்ட்ஸில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. கணக்குப் போடுங்கள்: இரண்டு மீட்டர் அகலச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் தலையிலும் ஆண்டுக்கு 4,000 லிட்டர் விழுகிறது. காற்று அடித்துப் பக்கவாட்டில் சாத்தும் மழை இதில் சேராது.

உள்ளே போன தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. மழைநீர் லேசான அமிலத்தன்மை உள்ளது. சாந்தின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. கரைந்த சுண்ணாம்பு வளைவுக் கூரைகளின் அடியில் வெள்ளைக் கோடுகளாகவும் ஊசிகளாகவும் தொங்குவதைப் பார்க்கலாம். அந்த வெள்ளை முழுவதும் சுவரின் வயிற்றிலிருந்து வந்தது. மிஞ்சிய மணலும் உடைகல்லும் பிடிப்பில்லாமல் கீழிறங்கி, அடியில் அழுந்தி, கல்முகத்தை வெளியே தள்ளுகின்றன. சுவர் வயிறு தள்ளி நிற்பது அதனால்தான். இரண்டாவது வேலை பனிக்காலத்தில். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஈரத்தில் ஊறிய சாந்து ஒவ்வொரு உறைவிலும் கொஞ்சம் உதிர்கிறது. சுவர் ஒருநாள் திடீரென்று விழுந்ததாகச் செய்தி வரும். அது பல பத்தாண்டுகளாக விழுந்துகொண்டிருந்தது.

இதில் மனிதர் செய்த கெடுதலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பல சிதிலங்களின் கல்லிடுக்குகளைச் சிமெண்டால் பூசினார்கள். உறுதியாக இருக்கும் என்ற நல்ல எண்ணம்தான். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, நுண்துளை கொண்டது. சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்ட் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஈரம் கல்லின் வழியே போகத் தொடங்கியது. உப்பு கல்லுக்குள் படிகமாகி, உறைவும் சேர்ந்து, கல் பொடியாகிறது. மணற்கல் சுவர்களில் இதை நேருக்கு நேர் பார்க்கலாம்: சிமெண்ட் இடுக்குகள் தேன்கூட்டின் சட்டம்போல முன்னே துருத்தி நிற்கும், நடுவே இருந்த கல் இரண்டு விரல் ஆழத்துக்குக் குழிந்து போயிருக்கும். விரலால் தேய்த்தால் மணல் கொட்டும்.

சரி, கூரை போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தலையில் விழும் மழை நிற்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகுதான் வேறு கணக்கு தொடங்குகிறது. முந்நூறு ஆண்டு ஊறிய சுவர் காய வேண்டும். நல்ல காற்றோட்டம் இருந்தால் மாதத்துக்கு 25 மில்லிமீட்டர் காயும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. இரண்டு மீட்டர் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலும் 40 மாதம். மேற்குக் கரையின் ஈரக்காற்றில் இன்னும் அதிகம். பொறுமையில்லாமல் உள்ளே வெப்பமூட்டினால் உப்பெல்லாம் உட்புற மேற்பரப்புக்கு வந்து புதுப் பூச்சை உரித்துவிடும். தரைக்கு மர உத்தரம் போடுகிறோம், அதன் முனையைப் பழைய குழியில் சொருகுகிறோம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், சில ஆண்டுகளில் முனை மக்கிவிடும். அதனால் முனையைச் சுற்றிக் காற்றிடம் விட வேண்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியில் தாங்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தோண்டும் பள்ளம் மண்ணடியிலுள்ள தொல்லியல் அடுக்குகளை என்றைக்குமாக அழித்துவிடும். பள்ளத்தை மூடலாம். கலைந்த அடுக்கை மறுபடி அடுக்க முடியாது.

அதே மேற்குக் கரையில், மல் தீவின் டுவார்ட் கோட்டை இதற்கு நல்ல பாடம். கூரையற்றுக் கிடந்ததை 1911-12-ல் மீட்டுக் குடியேறினார்கள். நூறு ஆண்டு கழித்து, அட்லாண்டிக் காற்று சாத்தும் மழை சுவர்களை ஊடுருவி அறைகளுக்குள் கசிந்தது; மறுபடியும் பெரும் பழுதுபார்ப்பு. கூரை போடும் செலவு ஒருமுறை. கூரையைக் காக்கும் செலவு தலைமுறை தலைமுறையாக.

எதை மீட்கலாம் என்பதற்கு பழைய சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறித்தொகுப்பான 1964-ன் வெனிஸ் சாசனம் ஒரு எல்லை வைத்தது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும். ஸ்டர்லிங் கோட்டையின் பேரவைக் கூடம் அந்த எல்லைக்குள் வந்தது. நெடுங்காலம் ராணுவக் குடியிருப்பாகத் தடுத்துப் பிரிக்கப்பட்டு, பழைய மரக் கூரை மாற்றப்பட்டிருந்தாலும், அது கூரையில்லாமல் கிடக்கவில்லை. பழைய வரைபடங்களும் சுவருக்குள் மறைந்திருந்த தடயங்களும் இருந்தன. ஓக் மரக் கூரையும் பொன்னிறச் சுண்ணப் பூச்சுமாக 1999-ல் அது திறக்கப்பட்டது. எய்லியன் டொனன் கதை வேறு. 1719-ல் பிரிட்டிஷ் கடற்படை வெடிவைத்துத் தகர்த்த அந்தக் கோட்டையை 1932-க்குள் புதிதாக எழுப்பினார்கள். ஸ்காட்லாந்து நாட்காட்டிகளில் அதிகம் வரும் கோட்டைகளில் அது ஒன்று. ஆனால் 1714-ல் ராணுவப் பொறியாளர் லூயிஸ் பெட்டி வரைந்து வைத்த கோட்டையோடு இன்றைய கட்டடம் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அழகான கட்டடம், இருபதாம் நூற்றாண்டின் கட்டடம் என்று சொல்லிக் காட்டுவதே நேர்மை.

டியோரம் எந்தப் பக்கம் சேரும்? தீயில் போன கூரையின் விவரமும் உள்ளறைகளின் விவரமும் ஸ்டர்லிங் அளவுக்கு இல்லை. அதனால் கூரை வேண்டாம் என்ற முடிவு சரி என்றே சொல்வோம். ஆனால் மறுத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்தால் அது பெரிய தவறு. மறுப்பவர், சுவரைக் காக்கும் பொறுப்பையும் யாராவது ஏற்கும்படி செய்ய வேண்டும். 1979-ன் தொல்சின்னச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு கல்லை எடுப்பதும் வைப்பதும் குற்றம். தொடாமலே விழவிடுவது மட்டும் எளிது.

காக்கும் வேலை எப்படி நடக்கிறது? முதலில் லேசர் அளவீடு, ஒவ்வொரு கல்லின் பதிவு. பிறகு சாரம் கட்டிச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது. பானைபோல ஒலிக்கும் இடத்தில் உள்ளே வெற்றிடம். அங்கே சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி நிரப்பலாம். முதலில் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த கல் கரைசலின் நீரை உறிஞ்சி, கரைசல் வழியிலேயே இறுகிவிடும். அடியிலிருந்து தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மீட்டர் ஈரக் கரைசல் அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் அழுத்தும். அவசரப்பட்டால் காக்க வந்த கல்முகத்தை நாமே தள்ளிவிடுவோம்.

இடுக்குச் சாந்துக்குச் சுட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் மூன்று பங்கு. தண்ணீர் விட்டதும் கொதித்து ஆவி பறக்கும். சுண்ணாம்பு நீறும்போது ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகுவதால் பார்க்கத் தெரிவதைவிட வளமான சாந்து அது. பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப்போல இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, அழுத்தி நிரப்பி, அகன்ற இடங்களில் சில்லுக்கல் செருக வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது கல்லாகும். 5 டிகிரிக்குக் கீழே வேலை நிற்க வேண்டும். அதனால் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிப்பதே வழக்கம். அக்டோபரில் பூசிய சாந்து முதல் உறைபனியில் மாவாக உதிர்ந்ததைக் காட்டும் சுவர்கள் ஏராளம்.

எல்லாவற்றிலும் முக்கியம் சுவர்த்தலை. குழி எதுவும் இல்லாமல் சுண்ணாம்புச் சாந்தால் சரிவாக மெழுகி, அதன் மேல் களிமண் கலந்த மண்ணைப் பரப்பி, புல்பத்தைகளை இரண்டு அடுக்காக வைக்கிறார்கள்: கீழ் அடுக்கு வேர் மேலாக, மேல் அடுக்கு வேர் கீழாக. இரண்டு அடுக்கின் வேர்களும் பின்னிக்கொள்ளும். விளிம்பில் புல் சற்று வெளியே தொங்கினால் நீர் சுவரைத் தொடாமல் சொட்டும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் சிதைந்த சுவர்களில் அளந்து பார்த்ததில், புல்லுக்கு அடியிலுள்ள கல்லில் வெப்பநிலை ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்தது; உறைவும் குறைந்தது. விழும் மழையில் ஒரு பங்கைப் புல் தானே உறிஞ்சி ஆவியாக்குகிறது. சிமெண்ட் மூடி போட்டால் வெடித்து, வெடிப்பின் வழி இறங்கிய நீர் திரும்ப வெளியேற முடியாமல் சிக்கும்.

2021 முதல் ஸ்காட்லாந்தின் அரசு நிறுவனம், மாறும் காலநிலையில் சுவர்கள் வேகமாகச் சிதைவதைப் பார்த்து, சுமார் 70 இடங்களில் உயரச் சுவர்களை ஆராயும்வரை பார்வையாளர் நுழைவைக் கட்டுப்படுத்தியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சுவர்த்தலைக்கு ஏறி, பறவை போட்ட விதையில் முளைத்த எல்டர் கன்றையும் ஐவிக் கொடியையும் விரலளவு இருக்கும்போதே பிடுங்க வேண்டும். பத்து ஆண்டு விட்டால் வேர் வயிற்றுக்குள் இறங்கிவிடும். பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.