முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முன்மொழிவு எழுதாதீர்கள்

"சமூக ஊடகங்கள் பணியாளர்களின் உற்பத்தித் திறனைக் குறைக்கின்றன என்பது இந்த ஆய்வின் மூலம் நிரூபிக்கப்படும்." இந்தப் பருவத்தில் மாணவர்கள் கொடுத்த ஆய்வு முன்மொழிவுக் கட்டிலும் இதே வாக்கியம் வந்துவிட்டது, சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை. நிரூபிக்கப்படும் என்பது இப்போதே தெரியுமென்றால் ஆய்வு எதற்கு? நேரே அறிக்கையையே எழுதிக் கொடுத்துவிடலாமே!

வணிகத் தகவல் தொடர்பு வகுப்பில் ஆய்வு முன்மொழிவு கேட்டால் பெரும்பாலோர் ஒரு கட்டுரையைச் சுருக்கித் தருகிறார்கள். முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. பள்ளியில் பழகிய கை, வேறெப்படி எழுதும்? ஆனால் முன்மொழிவு என்பது அனுமதி கேட்கும் ஆவணம். படிப்பவர் உங்களுக்கு நேரமும் ஆட்களும் சில சமயம் பணமும் ஒதுக்க வேண்டிய மேலாளர், கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் 'சரி, செய்யுங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லியாக வேண்டும். சமூக ஊடகங்களின் வரலாற்றை நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியதால் அவருக்கு அந்த முடிவை எடுக்க ஒரு உதவியும் இல்லை.

தலைப்பு வேறு, ஆய்வுக் கேள்வி வேறு. இதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஒட்டமாட்டேன் என்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். "அலுவலகத் தகவல் தொடர்பில் வாட்ஸ்அப்பின் தாக்கம்" என்பது தலைப்பு. எந்த அலுவலகம், யாருடைய தகவல், தாக்கம் என்றால் எது, ஒன்றுமே அதில் இல்லை. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஷிஃப்ட் மாறும்போது, தீர்க்கப்படாத புகார்களின் விவரம் எதில் அதிகம் விடுபடுகிறது, வாட்ஸ்அப் குழுவிலா, பதிவேட்டிலா?" இப்போது என்ன தேடவேண்டும் என்று தெரிகிறது. ஒரு மாதக் குழுச் செய்திகளையும் பதிவேட்டையும் புகார்ப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், இரண்டு ஷிஃப்ட் ஆட்களிடமும் பேச வேண்டும். முக்கியமாக, விடை எந்தப் பக்கமும் போகலாம். பதிவேடுதான் மோசம் என்று வந்தாலும் அது ஆய்வுதான், மேலாளருக்கு அதுவும் பயன்படும். உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் வரமுடியும் என்றால் அது கேள்வியே இல்லை, கேள்விக்குறி போட்ட கருத்து.

ஜார்ஜ் ஹெயில்மெயர் என்று ஒருவர், 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் இயக்குநராக இருந்தவர், வரும் முன்மொழிவுகளை எடைபோட ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருந்தார். துறைச் சொல் ஒன்றுகூட இல்லாமல், நீ என்ன செய்யப் போகிறாய் என்று சொல். இப்போது எப்படிச் செய்கிறார்கள், உன் வழியில் என்ன புதிது, வென்றால் யாருக்கு என்ன லாபம், எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்? ராணுவ ஆராய்ச்சிக்கே இவ்வளவு எளிமையாகக் கேட்டார்கள். நம் வகுப்பு முன்மொழிவில் மட்டும் "பன்முகத் தன்மை கொண்ட ஒருங்கிணைந்த அணுகுமுறை" எதற்கு?

அப்புறம் அந்த 93 சதவீதம். பின்னணிப் பகுதியைத் திறந்தாலே "தகவல் தொடர்பில் 93 சதவீதம் சொற்களற்றது" என்று வந்து நிற்கிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த, சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற எண்களில் பின்னிரண்டைக் கூட்டியதுதான் அது. அந்த ஆய்வுகள் பார்த்தது, உணர்வையும் விருப்பு வெறுப்பையும் வெளிப்படுத்தும்போது சொல்லும் குரலும் முகமும் முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். மின்னஞ்சலைப் பற்றிய ஆய்வில் கொண்டுவந்து இதை ஒட்டினால் நான் என்ன செய்வது? மூலத்தைத் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த பட்டியல் என்றால் இன்னும் கவனம் தேவை. சில சமயம் ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்திலேயே இருக்காது.

ஆய்வு முறைக்கு வருவோம். "100 பேரிடம் சர்வே எடுக்கப்படும்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறீர்கள். யார் அந்த 100 பேர்? நண்பர்கள் குழுவில் கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டுவிட்டு 'பணியாளர்கள் கருதுகிறார்கள்' என்று எழுதக்கூடாது. வசதிக்குக் கிடைத்தவர்களிடம்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் அதை 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள், மதிப்பெண் குறையாது. மாதிரிக் கேள்விகளை இணைக்கும்முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். "குழுக் கூட்டங்கள் சுருக்கமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கின்றனவா?" என்று ஒரு கேள்வி. கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிகிறது, ஆனால் உருப்படியாக ஒன்றும் நடப்பதில்லை என்று நினைப்பவர் எங்கே டிக் அடிப்பார்? இரண்டாகப் பிரியுங்கள்.

கால அட்டவணையில் நீங்கள் விட்டுவிடுவது காத்திருக்கும் நாட்கள். அனுமதி கிடைக்க நாளாகும், பதில் போடாதவர்களுக்கு நினைவூட்ட வேண்டும், நேர்காணல் தள்ளிப்போகும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காத அட்டவணை முதல் வாரத்திலேயே சரிந்துவிடும்.

தயவுசெய்து ஒன்று. மற்றவர்களின் குழுச் செய்திகளையோ மின்னஞ்சல்களையோ ஆய்வுக்கு எடுப்பதென்றால் அவர்கள் சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் முதலில் வேண்டும், பெயர்களை எப்படி மறைப்பீர்கள் என்பதும் முன்மொழிவிலேயே இருக்க வேண்டும். நீங்கள் அந்தக் குழுவில் உறுப்பினர் என்பது அனுமதி ஆகாது.

கடைசிப் பத்தியில் நன்றியுரை வேண்டாம். எதற்கு ஒப்புதல் கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும், சந்தேகம் இருந்தால் உங்களை எப்படித் தொடர்பு கொள்வது, இந்த மூன்றையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.