வீடு கட்டும் பொருட்கள்: லாரி இறங்கும் முன் கேட்க வேண்டியவை

மதுரைப் புறநகர்த் தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கட்டி இருபது, இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருக்கும். அதற்குள் சன்ஷேடின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். வீட்டுக்காரர் அதன் மேல் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்திருப்பார். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பூச்சும் கையோடு வந்துவிடும். கட்டடப் பொறியாளர் என்ற முறையில் என்னை அழைத்துக் காட்டுகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நல்ல கம்பெனி சிமென்ட்தானே சார் போட்டோம்?"

சிமென்ட் நல்லதாகவே இருந்திருக்கும். கெடுத்தது தண்ணீராக இருக்கலாம், மணலாக இருக்கலாம், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைக் கான்கிரீட்டின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்ததாகவும் இருக்கலாம்.

பசுமை வீடு என்றதும் சோலார், மூங்கில், மண் சுவர் என்று பேச்சு போகிறது. அவையெல்லாம் நல்லவைதான். ஆனால் அறுபது, எழுபது வருடம் நிற்க வேண்டிய வீடு இருபத்தைந்தில் இடிபட்டால் அதே அளவு ஜல்லி, அதே அளவு செங்கல், அதே அளவு சிமென்ட் மறுபடியும் வேண்டும். அதற்காக எங்கோ இன்னொரு பாறை உடைபடும். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரி மட்டும் இதற்குக் காரணமில்லை. சுண்ணாம்புக்கல் சூடாகும்போது கல்லுக்குள் இருக்கும் வாயுவே வெளியேறுகிறது. அதனால் பொருட்களைத் தேர்வு செய்ய உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு: இது எத்தனை வருடம் தாங்கும்? கட்டுகிறவர், குடியிருக்கிறவர் உடம்புக்கு என்ன செய்யும்?

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். அதை ஒரு கட்டுமானப் பொருளாக யாரும் நினைப்பதே இல்லை. மனையில் போர் போட்டதும் வருகிற தண்ணீர் அப்படியே கலவைக்குப் போய்விடுகிறது. நம் ஊரைச் சுற்றிப் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமென்ட்டின் காரத்தன்மை காப்பாற்றுகிறது. கம்பியைச் சுற்றி மெல்லிய படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்து வேலையை முடிக்கும். துருவுக்கு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடம் வேண்டும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் உள்ளிருந்து பிளந்து விழுகிறது. மேலே பூசுகிற பூச்சு இதை எப்படி நிறுத்தும்?

ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் 2000 வரை போகலாம். சல்பேட் 400க்குள், பிஎச் 6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகத்திலோ கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். லாரித் தண்ணீரும் யாரோ ஒருவர் போரிலிருந்து வருவதுதான், அதையும் சோதிக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் நல்ல தண்ணி வாங்கினா கட்டுப்படியாகுமா சார்?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம் என்றால் சுமார் 80 மூட்டை சிமென்ட். மூட்டைக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் கலவைக்கு மொத்தம் 2000 லிட்டர்தான். தளம் போடும் செலவில் அது எந்த மூலைக்கு? போட்ட கான்கிரீட்டை நனைத்தே வைத்து நீராற்றுவதற்கு (க்யூரிங்) இன்னும் கூடுதலாக வேண்டும், அதிலும் உப்புத் தண்ணீர் ஆகாது.

அடுத்து மணல். வைகையில் அள்ளிய காலம் முடிந்துவிட்டது, முடிந்ததும் நல்லதுதான். இப்போது எல்லோரும் எம்-சாண்ட். ஆனால் எம்-சாண்ட் என்ற பெயரில் இறங்குவதில் நிறைய வெறும் கிரஷர் தூசி. ஜல்லி உடைக்கும்போது மிச்சமாகும் தூசி வேறு. பாறையைத் தனி இயந்திரத்தில் உடைத்து, மணியை உருட்டி, கழுவி எடுக்கிற எம்-சாண்ட் வேறு. ஒரு மனையில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் சந்தோஷமாகச் சொன்னார்: "மணல் அருமையா இருக்கு சார், வழவழன்னு இழுக்குது." "அண்ணே, அந்த வழவழப்புதான் எனக்குப் பயமா இருக்கு," என்றேன். குவியலில் ஈரமான இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கசக்கிவிட்டுக் கையை உதறினேன். உள்ளங்கை முழுக்க சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. பக்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு அந்த மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மணலுக்கு மேல் சேறு மாதிரி தடித்த படலம், அதற்கும் மேலே தண்ணீர் இன்னும் கலங்கலாகவே நின்றது. லாரிக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டோம்.

தூசி அதிகமானால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். தண்ணீர் அதிகமானால் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வலைவலையாக வெடிக்கும். ஐஎஸ் 383 விதி, உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்க அனுமதிக்கிறது, இயற்கை மணலில் 3 சதவீதம்தான். பாட்டில் சோதனை சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தான், அளவைச் சொல்ல சல்லடைச் சோதனை வேண்டும். பொதுப்பணித் துறை எம்-சாண்ட் ஆலைகளுக்குத் தரச் சான்று கொடுக்கிறது. எந்த கிரஷரிலிருந்து வருகிறது, சான்று இருக்கிறதா என்று லாரி இறங்கும் முன் கேளுங்கள். கேட்கிற வீட்டுக்காரருக்கு வருகிற மணல் வேறு மாதிரி இருக்கிறது என்பது என் அனுபவம்.

கம்பிக்கு ஒரே ஒரு விஷயம்: எடை. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ. முழு 12 மீட்டர் கம்பி சுமார் 10.7 கிலோ வர வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பலாம்.

சிமென்ட்டில் எல்லாவற்றுக்கும் 53 கிரேடு என்ற உயர் வலிமை வகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. சாதாரண வீட்டுக்கு அது தேவையில்லை. பிபிசி என்ற சாம்பல் கலந்த சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். தூத்துக்குடி போன்ற இடங்களில் குவியும் சாம்பலுக்கு அது நல்ல வழி, சூளையில் எரிக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்த அளவுக்கு மிச்சம். கம்பிக்கும் நல்லது, கான்கிரீட் இறுக்கமாவதால் உப்பு உள்ளே நுழைவது குறையும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். நம் ஊர் வெயிலில் சாதாரண சிமென்ட்டுக்கே பத்து நாள் நீராற்ற வேண்டும், பிபிசி என்றால் பதினான்கு நாள். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். தூண்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருங்கள்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் கட்டடம் பேச முடியாது. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்புமாக இன்றைக்கும் நிற்கின்றன. அதற்காக இன்றைய வீட்டின் ஆர்சிசி (கம்பி போட்ட கான்கிரீட்) தளத்தைச் சுண்ணாம்பில் போட முடியாது. மொட்டை மாடியில் மட்டும் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறை வெயிலைக் கீழே இறங்க விடாது. அடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை நிறக் கூலிங் டைல் போடுங்கள். வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே மே மாதம் தூங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டைத் தணிக்க ஓடும் ஏசியின் மின் கட்டணமும் கட்டுமானப் பொருளின் விலைதான்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாடிப்படி ரூமுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, வாடகைக்கு விடும் ஒற்றை அறைக்கு என்று இன்னும் வாங்குகிறோம், விலை குறைவு என்பதால். அறுபதுக்கும் அதிகமான நாடுகள் தடை செய்த பொருள் இது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட் சும்மா இருக்கும் வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கிறது. நுரையீரலுக்குள் போன நார் எளிதில் வெளியே வருவதில்லை, நோய் தெரிய இருபது முதல் நாற்பது வருடம் ஆகலாம். மாடியில் ஒரு தம்பி கட்டிங் மெஷின் வைத்து ஷீட்டை அறுக்க, அந்த வெள்ளைப் புழுதி பக்கத்து மாடியில் காய்கிற வடகத்தின் மேல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியின் வாயில் ஒரு துண்டுகூட இல்லை.

புதிதாகப் போடுவதானால் ஓடு போடுங்கள், அல்லது பூச்சுக் கொடுத்த இரும்புத் தகடு, அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமென்ட் ஷீட். ஏற்கெனவே இருப்பது உடையாமல் இருந்தால் பதறிப் பிடுங்க வேண்டாம். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவாதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். வேலை செய்கிறவருக்கு எஃப்எஃப்பி3 அல்லது பி100 தர மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள், சாதாரண என்95 இதற்குப் போதாது. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போதும் தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள். உலர்வாக அறுக்கும்போது வருகிற சிலிக்கா தூசி நுரையீரலை இறுக்கிவிடும், அதற்குத் தீர்க்கும் மருந்து கிடையாது.

பெயின்ட்டில் ஈயம். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். டப்பாவில் அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு எனாமலில்தான் ஈயம் அதிகம் இருக்கும், நாம் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஆசையாக அடிப்பது அதைத்தான். பிள்ளைகள் கேட்டில் தொங்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் கதவுக்கு மறுபெயின்ட் அடிக்கும்போது உலர்வாக உப்புத்தாள் தேய்க்காதீர்கள். ஈரத்தாளில் தேய்த்து, கழிவைத் துடைத்துக் கட்டிப் போடுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

பிளைவுட் வாங்கும்போது இ1 அல்லது இ0 தரம் கேளுங்கள், பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு குறையும்.

தீயையும் யோசிக்க வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தபோது கருங்கல் தூண்களே வெப்பத்தில் வெடித்தன. கல் எரியாது, ஆனால் அதனடியில் எரிந்த பொருட்களின் சூட்டை அதனால் தாங்க முடியவில்லை. கடைகளுக்கு முகப்பாக ஒட்டும் ஏசிபி (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த) தகடுகளில் பலவற்றுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். லண்டனில் 2017இல் கிரென்ஃபெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்ததற்கு அந்தத் தகடுதான் முக்கியக் காரணம். தீ தாங்கும் வகை தனியாக இருக்கிறது, விலை கூடுதல். அதை வாங்கப் பணம் இல்லையென்றால் சுவரைப் பூசிப் பெயின்ட் அடித்துவிடுங்கள், முகப்புக்கு அது போதும். பிவிசி சீலிங் எரிந்தால் வருவது நச்சுப் புகை, படுக்கையறைக்கு ஜிப்சம் போடலாம்.

இதையெல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது வாயால் சொல்லிவிட்டால் போதாது. ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: தண்ணீர்ச் சோதனை அறிக்கை, மணல் வரும் கிரஷர், சிமென்ட் வகை, கவர் பிளாக், நீராற்றும் நாட்கள், ஒயரின் ஐஎஸ்ஐ முத்திரை. பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறீர்கள் என்றால் இடிபாடு எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள். நல்ல செங்கல்லைத் தட்டி எடுத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம், உடைசலைக் கொண்டு பேஸ்மென்ட்டை நிரப்பலாம், தேக்குக் கதவு நிலையை இழைத்துத் திரும்ப மாட்டலாம். மீதி லாரி கண்மாய்க் கரைக்குப் போகாது என்று ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட வேண்டும்.