படர்தாமரை: டினியாவுக்கு நம்ம ஊர்ப் பெயர்

டாக்டர் சீட்டில் ‘டினியா’ என்று இருந்தால் அது படர்தாமரை. திருநெல்வேலிப் பக்கத்து மருந்துக்கடைகளில் “அண்ணாச்சி, படைக்கு ஒரு டியூப் குடுங்க” என்று கேட்பதும் இதற்காகத்தான். வண்டுகடி என்பாரும் உண்டு. அதனால்தான் இதற்கு அரைத்துப் பூசும் சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்று பெயர்.

வண்டும் இல்லை, கடியும் இல்லை. ஆனால் லத்தீன்காரர்களும் இதே தப்பைத்தான் செய்தார்கள். ‘டினியா’ என்றால் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு. ஆங்கிலத்திலும் ‘வளையப்புழு’ என்றே பெயர். 1841ல் பாரிஸில் டேவிட் க்ரூபி என்ற மருத்துவர், தலையில் வரும் ஒருவகைப் படையை நுண்ணோக்கியில் பார்த்து, காரணம் பூஞ்சை என்று காட்டினார். பெயர் மட்டும் புழுவாகவே நின்றுவிட்டது.

இந்தப் பூஞ்சைகளுக்கு ‘டெர்மட்டோஃபைட்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘டெர்மா’ தோல், ‘ஃபைட்டான்’ செடி. பூஞ்சையையும் செடி என்று எண்ணிய காலத்துப் பெயர் அது. அப்படியே ‘தோல்தாவரம்’ என்று ஆக்கினால் பொருள் கெட்டுவிடும். ‘தோல்பூஞ்சை’ என்பதே சரி. இதன் சாப்பாடு கெரட்டின் என்ற புரதம். அது இருப்பது மேல்தோல், முடி, நகம் ஆகிய மூன்றிலும். அதனால்தான் மூன்று இடத்து நோயும் ஒரே குடும்பமாகிறது. பூஞ்சை நடுவிலிருந்து வெளியே படரும். ஓரம் சிவந்து செதில் விடும், நடு தெளிந்திருக்கும். ஆய்வுக்குச் செதில் சுரண்டுவதும் அந்த ஓரத்தில்தான்.

தேமலை இதோடு சேர்க்கக் கூடாது. அது வேறு பூஞ்சை, எல்லார் தோலிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. புழுவெட்டில் பூஞ்சையே கிடையாது. நகத்தில் வந்தால் நகச்சொத்தை, கால்விரல் இடுக்கில் வந்தால் சேற்றுப்புண். ஆனால் கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களில் நடவுக்கு இறங்கியவர்களின் விரலிடுக்குப் புண்ணெல்லாம் பூஞ்சை என்று சொல்ல முடியாது. ஈரத்தில் ஊறி வெந்த தோலும், பாக்டீரியா புகுந்த புண்ணும் அதில் உண்டு.

யாருக்கு, எங்கே, எப்படி வருகிறது என்று ஆராய்வதற்கு நோய்ப்பரவலியல் என்று பெயர். தலைப்படை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. தொடையிடுக்கும் இடுப்பும் பெரியவர்களுக்கு. உள்பாவாடை நாடா இறுக்கும் வரியிலும், ஈரம் காயாத அரைஞாண் கயிற்றின் அடியிலும் பாருங்கள், தெரியும். நகச்சொத்தை வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம். மனிதரிடமிருந்து மட்டுமல்ல, பூனை, மாடு, மண் வழியாகவும் ஒட்டும். வீட்டுக்குள் ஒரே துண்டால் நாலுபேர் துடைத்தால் போதும். ஒருவர் மட்டும் மருந்து போட்டுக்கொண்டு மற்றவர்கள் சொறிந்துகொண்டிருந்தால் அது போகவே போகாது.

முன்பெல்லாம் நம் நாட்டில் ‘ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்’ என்ற பூஞ்சைதான் முன்னால் நின்றது. இப்போது அந்த இடத்தில் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்ததைக் கொண்டு 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயர். ‘டினியா’ என்ற அந்தப் பழைய புழு இந்தப் பெயருக்குள்ளும் இருக்கிறது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு இந்தப் பூஞ்சை பல சமயம் அசைவதில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு: ‘டினியா இன்காக்னிட்டோ’, அதாவது அடையாளம் தெரியாத டினியா. ‘மறைபடை’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும். சிவப்பும் வளையமும் மங்கும். பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தினதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். பிறகு பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் குழம்பும். அண்ணாச்சி எடுத்துக் கொடுக்கிற டியூப்பில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.