கணக்கில் வராத இயலாமை

‘இன்விசிபிள் டிசபிலிட்டி’, ‘ஓவர்லுக்ட் டிசபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் இரண்டு தொடர்கள் வழங்குகின்றன. தமிழில் இரண்டையும் ‘மறைந்திருக்கும் இயலாமை’ என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு.

முதலாவது கண்ணுக்குத் தெரியாதது. நாள்பட்ட வலி, மனச்சோர்வு, ஒரு காது மட்டும் கேளாமை எல்லாம் அதில் வரும். இரண்டாவது ஊருக்கே தெரிந்தது, ஆனாலும் அதை இயலாமை என்று யாரும் எண்ணுவதில்லை. வலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு பெண் விழுந்து கைகால் இழுத்தால், பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் சேதி போய்விடும். வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அதை நடித்துக்கூடக் காட்டும். ஆனால் பிரதேச செயலகத்திலிருந்து படிவம் வரும்போது, “அவளுக்கென்ன, கைகால் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளும் ஏன் என்று கேட்க மாட்டாள்.

இதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று, இலங்கை அலுவலகங்கள் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ‘அங்கவீனம்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அங்கம் என்றால் உறுப்பு. ஹீனம் என்றால் குறைந்தது, இழந்தது. அங்கஹீனம்தான் அங்கவீனம் ஆயிற்று. ‘ஊனம்’ என்பதும் குறைவு என்ற பொருளுள்ள வடசொல்லின் வழி வந்தது. ஆக, இந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் முதலில் தேடுவது இல்லாத ஒரு கையை அல்லது வளைந்த ஒரு காலை. உறுப்பெல்லாம் இருக்கிறவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். சிங்களத்தில் ‘ஆபாதித’ என்கிறார்கள். அதன் அடி பாளி மொழியின் ‘ஆபாத’, அதாவது நோய். அங்கே நோயாளியாகிவிட வேண்டும், இங்கே உறுப்பை இழந்திருக்க வேண்டும்!

பழந்தமிழ் இந்த விஷயத்தில் கொஞ்சம் அகலமாகவே பார்த்திருக்கிறது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகை ‘எச்சம்’, அதாவது குறை, சொல்கிறார். சிதடு, பிண்டம், கூன், குறள், ஊம், செவிடு, மா, மருள். சிதடு என்பது குருடு, பிண்டம் என்பது உறுப்பு வடிவம் இல்லாத தசைப்பிண்டம், குறள் என்பது குள்ளம், ஊம் என்பது ஊமை. கடைசி இரண்டையும் பாருங்கள். ‘மா’ என்பதை விலங்கு போன்ற நிலை என்றும், ‘மருள்’ என்பதை அறிவு மயங்கிய நிலை என்றும் உரை சொல்வார்கள். மதிப்பான சொற்கள் இல்லைதான். இன்றைக்கு ஒருவரை ‘மா’ என்று அழைத்தால் சண்டைக்கு வருவார், வரவும் வேண்டும். ஆனால் கூனையும் செவிட்டையும் எண்ணிய அதே பட்டியலில் மனத்தையும் அறிவையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அங்கவீனம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிறகு பட்டியல் சுருங்கிப்போனது.

வேடிக்கை என்னவென்றால் சட்டம் சுருங்கவில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது, உடல் ஆற்றலோடு உள ஆற்றலில் ஏற்படும் குறைபாட்டையும் சேர்த்தே வரைவிலக்கணம் தருகிறது. 2006இல் நிறைவேறி, 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, இயலாமையுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல், உளம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்களை அது ‘உள்ளடக்கும்’ என்கிறது. ‘இவர்கள் மட்டுமே’ என்று கதவைச் சாத்தவில்லை. கூடவே, அந்தக் குறைபாடு சுற்றியுள்ள தடைகளோடு முட்டும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்றும் சொல்கிறது. படிக்கட்டும், படிவமும், “நல்லாத்தானே இருக்கே” என்ற பேச்சும் அந்தத் தடைகளில் சேர்த்திதான்.

சரி, எண்ணும்போது என்ன நடக்கிறது? 2012 குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு அல்லது கவனம், தன்னைத் தானே பராமரித்தல், தொடர்பாடல் என்ற ஆறு வகைச் சிரமங்களைக் கேட்டார்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகப் பதிவானது. வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த இந்தக் கேள்விகளில் ‘இயலாமை’ என்ற சொல்லே வராது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே வெட்கப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் பதற்றம், மனச்சோர்வு, வலி, களைப்பு ஆகியவை இந்த ஆறில் நேரடியாக இல்லை. அதே குழுவின் விரிவான கேள்வித் தொகுதியில்தான் அவை இருக்கின்றன. இரண்டு வலிப்புகளுக்கு இடையில் நன்றாகப் பார்த்து, கேட்டு, நடக்கிற அந்தப் பெண் ஆறு கேள்விக்கும் ‘சிரமமில்லை’ என்றே பதில் சொல்வாள்.

தமிழ்நாட்டில் பிறந்து இங்கேயும் பரவிவிட்ட ‘மாற்றுத்திறனாளி’ நல்ல எண்ணத்தில் உருவான சொல். ‘ஊனமுற்றோர்’ என்று கூப்பிடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு திறன் போனால் இன்னொரு திறன் வந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. கண் தெரியாதவர் பாடுவார், கையில்லாதவர் காலால் படம் வரைவார் என்று மேடையில் ஏற்றுவதற்கு வசதியான சொல். நாள் முழுக்கக் களைத்துப் படுத்திருப்பவர் எந்த மாற்றுத்திறனைக் காட்டுவார்?

‘இயலாமை’ வெளிப்படையான சொல். இயல் என்ற அடியிலிருந்து வருவது. இலங்கைப் பேச்சில் ‘ஏலாது’ என்று நாம் தினமும் சொல்வது ‘இயலாது’ என்பதன் மருவல்தான். என்ன உறுப்பு, என்ன நோய் என்று அது கேட்பதில்லை. செய்ய முடிகிறதா, முடியவில்லையா என்பதை மட்டும் சொல்கிறது. எழுத்தில் கையாலாகாத்தனம் என்ற தொனியும் அதற்கு உண்டு என்று குறை சொல்வார்கள். உண்மைதான். அப்படியும், இருக்கிற சொற்களில் வாசல் அகலமானது இதுதான்.

இப்போது அடுத்த சொல்லுக்கு வருவோம். ‘நியூரோடைவர்சிட்டி’, அதாவது மனித மூளைகள் பலவிதமாக இயங்கும் என்ற கருத்து. 1998இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டில் இதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹார்வி புளூம் அச்சில் எழுதினார். இருவருக்கும் முன்பே ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் இந்தக் கருத்து முளைவிட்டிருந்தது. உயிரினங்களின் பலவகைமையைக் குறிக்கும் ‘பயோடைவர்சிட்டி’யின் அச்சில் வார்த்த சொல் இது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்றும் ‘பல்லுயிரியம்’ என்றும் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் படிப்பது ‘உயிர்ப்பல்வகைமை’. அப்படியென்றால் இங்கே ‘நரம்பியல் பல்வகைமை’ என்பதே பொருந்தி வரும். ‘நரம்பு’ என்றதும் ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரம் ஞாபகத்துக்கு வரும் ஆபத்து இருக்கிறது. ‘மூளை’ என்று போட்டாலோ ‘மூளை பிசகு’ நினைவுக்கு வரும். இரண்டில் முன்னது பரவாயில்லை.

பல்வகைமை என்பது எல்லார் மூளைக்கும் பொது. பெரும்பான்மையினரின் மூளை ஓடும் விதத்திலிருந்து விலகி ஓடும் மூளை உள்ளவரைக் குறிக்க ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்ற சொல்லை 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் காசியானே அசசுமாசு. நரம்பியல் வேறுபாடுடையோர் என்று எழுதலாம். அவர் அதை ஆட்டிசத்துக்கும், கவனம் நிலைக்காமையும் மிகைத் துடிப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி.க்கும் மட்டும் வைத்த பெயராக எண்ணவில்லை. வலிப்பு, மூளைவாதம், மனநோய், பார்க்கின்சன் என்று அவருடைய பட்டியல் நீளமானது. இது ஆட்களை வெளியே தள்ளுவதற்கான சொல் இல்லை, சேர்த்துக்கொள்வதற்கான சொல் என்று வலியுறுத்தியும் இருக்கிறார். பிறகு நடந்தது வேறு. உலகம் முழுக்க இந்தப் பெயரில் கூடும் இடங்களில் பேச்சு ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் சுற்றியே ஓடுகிறது. அதிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களின் ஆட்டிசம். பேச்சு வராத, அறிவுசார் இயலாமையும் சேர்ந்த பிள்ளை அங்கேயும் ஓரத்தில்தான்.

அப்படி ஓரத்தில் நிற்பவர்களுக்கு நம்மிடம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்தால், சிலருக்கு நிறைய இருக்கின்றன, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. வலிப்புக்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை. வலித்தல் என்றால் இழுத்தல். கால்கை வலிப்புதான் மருவிக் காக்கா வலிப்பு ஆனது என்பார்கள். காக்காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இழுப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். பெயர் இரும்புக்குப் போய்விடும். திக்குவாய்க்கும் நல்ல தமிழ் உண்டு. பேச்சு திக்குவதால் திக்குவாய், கொன்னிப் பேசினால் கொன்னை. இவற்றை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. கேலி செய்யும் வாயை மட்டும் கொஞ்சம் கட்டினால் போதும்.

பெயரே இல்லாதவற்றில் முக்கியமானது மொழி வளர்ச்சி இடர்பாடு. காது கேட்கும், மற்றபடி அறிவிலும் குறையிருக்காது, ஆனால் மொழியை விளங்குவதும் கோர்த்துப் பேசுவதும் கடினம். ஏறக்குறைய 14 பிள்ளைகளில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது 30 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிட அதிகம், ஆனால் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆங்கிலத்தில்கூட நிபுணர்கள் ஒரு பொதுப் பெயருக்கு உடன்பட்டது 2017இல்தான். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு மக்கு என்று பெயர்.

இன்னொன்று கை வேலையில் தெரியும். கொழுந்து எடுப்பதில் ‘கை ஓட்டம்’ என்று சொல்வோம். இரண்டு கையும் தனித்தனியாக ஓட வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கண் அடுத்த தளிரைத் தேடும்போதே கை பின்னால் கூடைக்குப் போய்வர வேண்டும். இதையெல்லாம் சரிவில் நின்றபடி செய்ய வேண்டும். சிலருக்கு எத்தனை வருஷமானாலும் கை ஓடாது. இலை கிழியும், காம்பு நீளும், கால் தடுக்கும். இது ‘இயக்க ஒருங்கிணைப்பு இடர்பாடு’ ஆகவும் இருக்கலாம். மூளைக்கும் கைக்கும் இடையிலான திட்டமிடலில் உள்ள சிரமம் அது. மலையில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். எடுக்காவிட்டால் அரைப்பேர். வலிப்பு மருந்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறவளுக்கும் மருந்து இலவசம், ஆனால் அன்றைய பேர் விழாது.

‘ஓவர்லுக்ட்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். ‘மறைந்த’ கூடாது, அது மறைந்தே இல்லை. அதுவும் ‘மறைந்த திரு’ என்று மரண அறிவித்தலில் வருகிற சொல். ‘புறக்கணிக்கப்பட்ட’ என்றால் யாரோ தெரிந்தே ஒதுக்கியதாகிவிடும். இங்கே பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ‘விடுபட்ட’ என்பது முதலில் பிடித்திருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003 வரைக்கும் மிச்சம்மீதியாகக் காத்துக் கிடந்த மலையகத் தமிழ்ச் சமூகத்துக்குப் பட்டியலில் பெயர் விடுபடுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ‘விடுபட்ட இயலாமை’ என்று எழுதினால் இயலாமை நீங்கிப்போனது என்றும் பொருள் வருமே! அதனால் ‘கணக்கில் வராத இயலாமை’ என்பதையே சிபாரிசு செய்கிறேன். ‘கவனிக்கப்படாத’ என்பதும் பிழையில்லை, கொஞ்சம் நீளம்.

‘இன்க்ளூஷன்’ என்பதற்கு ‘உள்ளடக்கம்’ வேண்டாம். புத்தகத்தின் உள்ளடக்கமும் அதுதான், அடக்கு என்ற ஓசையும் அதில் இருக்கிறது. கல்வித் துறையில் ‘உட்படுத்தல் கல்வி’ என்று எழுதிப் பழகிவிட்டார்கள், அது அப்படியே இருக்கட்டும். பேச்சுக்குச் ‘சேர்த்துக்கொள்ளுதல்’ போதும். “எங்களையும் சேத்துக்கங்க” என்று யாரும் அகராதி பார்க்காமல் சொல்லுவார்கள்.

தோட்டத்தில் ஒரு சங்கம் கூட்ட அறிவித்தல் ஒட்டினால் ‘அங்கவீனமுற்றோர் கூட்டம்’ என்று மட்டும் போடாமல், “உடம்பு, மனசு, புலன், மூளை எதிலாவது நீண்ட நாள் சிரமம் உள்ளவர்கள் வரலாம், வலிப்பு, திக்குவாய், படிப்புச் சிரமம் உள்ளவர்களும்தான், அட்டை, சான்றிதழ் தேவையில்லை” என்று எழுதலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் யாருக்கும் பேர் போகாது. எல்லாரும் எழுந்து பெயர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும் என்று திக்குவாய் உள்ளவரை முதல் நிமிடத்திலேயே வியர்க்க வைக்க வேண்டாம், எழுதிக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளலாம். அழைக்கும்போது வலிப்புக்காரி, திக்குவாயன் என்ற விகுதிகளை விட்டுவிட்டு ‘வலிப்பு உள்ளவர்’, ‘திக்குவாய் உள்ளவர்’ எனலாம். ஆட்டிசத்தில் மட்டும் கேட்டுக்கொண்டு எழுதுங்கள், தம்மை ‘ஆட்டிஸ்டிக்’ என்றே சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள் பலர். படிவம் நிரப்புகிறவர்களுக்கு ஒன்று: கடைசியில் ‘வேறு’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். “வலிப்பு. மாதம் ஒரு தடவை கிளினிக். நெருப்பு, உயரம், தண்ணீர் அருகே வேலை ஏலாது” என்று அதில் தெளிவாக எழுதிவையுங்கள்.