பழைய ஜீப்புக்குப் பெரிய ரயர்: முதலில் புத்தகத்தைப் பாருங்கள்

மாரிக்கு முன் ஜீப்புக்கு ரயர் மாற்றுவோர் நேரே ரயர்க் கடைக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். சி.ஆர். புத்தகம் என்று நாம் சொல்லும் அதில் எஞ்சின், செசி இலக்கங்களோடு முன், பின் ரயர் அளவுக்கும் இடம் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, பதிந்த விபரத்தோடு வாகனம் பொருந்தாதபடி மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். வரிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகம் கேட்பது காப்புறுதியும் புகைச் சான்றிதழும். ரயரை அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆகவே வரிப்பத்திரம் கிடைத்ததை ரயருக்கான அனுமதியாக எடுக்க வேண்டாம். பாரிய விபத்துக்குப் பின் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்ப்பார்.

உதாரணத்துக்கு 88 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) லாண்ட் றோவர். அதன் ரயர் அளவு 6.00-16, இன்றைய அளவில் 205/80 ஆர் 16 அதற்குக் கிட்ட வரும், விட்டம் 734 மில்லிமீற்றர். பலரும் ஆசைப்படுவது 235/85 ஆர் 16. அதன் விட்டம் 806, கிட்டத்தட்ட 10 சதவீதம் கூட. ஏ9 வீதியில் வேக மீற்றர் 65 கிலோமீற்றர் காட்டும்போது உண்மையில் 71இல் ஓடுவீர்கள், வேக எல்லை 70. கியரும் அதே அளவுக்கு உயர்ந்துவிடும். நெல் மூட்டையோடு குளக்கட்டு ஏறும்போது இரண்டாம் கியர் இழுக்காது.

றிம்மைத்தான் அதிகம் மறக்கிறார்கள். 235/85க்குக் குறைந்தது 6 அங்குல அகல றிம் வேண்டும். பழைய 88இன் றிம் 5 அங்குலம். ஒடுங்கிய றிம்மில் ஏற்றினால் ரயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் பக்கச்சுவர் மடியும். வேறு ஜீப்பின் அகல றிம்மும் சும்மா பொருந்தாது: லாண்ட் றோவருக்கு 5 நட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 165.1 மில்லிமீற்றர். லாண்ட் குறூசர் 40க்கு 6 நட், 139.7. இடையில் ஸ்பேசர் என்னும் இடைத்தட்டு வைத்துச் சமாளித்தால் பாரம் வெளியே தள்ளப்பட்டு பெயாரிங் சீக்கிரம் போகும். சில்லு மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது பொலிஸ் கண்ணில் முதலில் படும்.

புது அளவு ரயர் போட்ட ஒரு சில்லை முன்னால் பூட்டி, ஸ்ரேறிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். பிறகு பூட்டிய பக்கத்திலேயே அச்சுக்கு அடியில் ஜக் வைத்துத் தூக்கி, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமரும்போது மறுபடி ஒடியுங்கள். ரயர் ஸ்பிரிங்கிலோ பிறேக் ஹோசிலோ உரசினால் அந்த அளவு சரிவராது. உரசும் ஹோஸ் ஒருநாள் வெட்டுப்படும்.

ஒட்டுசுட்டான் பக்கத்து வயல் சேற்றுக்கு அகலம் தேவையுமில்லை. ஒடுங்கிய ரயர் சேற்றை வெட்டி அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும்; அகலமானது மேலே வழுக்கும். எங்கள் கணிப்பில் புத்தகத்து அளவே போதும், ரயரின் பூவை (தரையில் படும் வெட்டுகளை) மட்டும் முரடாக எடுங்கள்.

ஸ்பெயாரும் அதே அளவாக இருக்கட்டும். நாலு சில்லும் இழுக்கும் நேரம் முன்னும் பின்னும் விட்டம் வேறானால், தார் வீதியில் கியர்பெட்டி முறுகி, நாலு சில்லையும் இணைக்கும் லீவர் கழற்றவே வராது.