பழைய பிக்கப்புக்குக் கார்புரேட்டர்: பெரியதை வாங்குவதற்கு முன்

பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் என் பட்டறைக்கு வரும்போது, பெரும்பாலும் புதிய கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) இணையத்தில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "அண்ணே, மாட்டிக் கொடுத்தால் போதும்" என்பார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்த எஞ்சின் கேட்பதைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ காற்று விடக்கூடிய கார்புரேட்டர் உள்ளே இருக்கும். தேவைக்குச் சிறியதை வாங்கி வந்தவர் அரிது. சரக்கு வாகனங்களுக்கு இங்கே 20 ஆண்டு ஆயுள் வரம்பு இருப்பதால், சிங்கப்பூர்ச் சாலைகளில் இத்தகைய பிக்கப்புகளைக் காண்பது கடினம். ஆர்வலர்கள் சிலருடைய வண்டி ஜோகூரில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கும். கார்புரேட்டர் மட்டும் துணியில் சுற்றிய நிலையில் கடற்பாலத்தைக் கடந்து என் மேசைக்கு வரும். எனவே வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. ஆகவே எஞ்சினின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, இரண்டால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். அதை 28.3ஆல் வகுத்தால் கார்புரேட்டர் பெட்டிகளில் அச்சிடப்படும் சிஎஃப்எம் அளவு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது வரும். பழைய பிக்கப் எஞ்சின் எதுவும் சிலிண்டரை முழுமையாக நிரப்பிக்கொள்வதில்லை. நல்ல நிலையில் இருந்தாலும் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது நியாயம். டொயோட்டா ஹைலக்ஸின் 2,366 சிசி 22ஆர் எஞ்சினை 4,800 சுழற்சியில் கணக்கிட்டால் ஏறக்குறைய 200 வருகிறது. அதில் 80 விழுக்காடு 160 சிஎஃப்எம். அமெரிக்க செவர்லே பிக்கப்பின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினை 4,500 சுழற்சியில் எடுத்துக்கொண்டாலும் 365 சிஎஃப்எம்மைத் தாண்டுவதில்லை. அந்த எஞ்சினுக்கு 600 சிஎஃப்எம் கார்புரேட்டரே தாராளம் என்னும்போது, 750, 800 என்று தேடுவதற்குக் காரணமில்லை.

இந்தக் கணக்கில் நேர்மையாகப் போட வேண்டிய எண் சுழற்சிதான். எஞ்சின் அதிகபட்சமாக எவ்வளவு சுற்ற முடியும் என்பதைப் பலர் போடுகிறார்கள். பிக்கப் சரக்கு இழுப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி 1,500க்கும் 3,000க்கும் இடைப்பட்ட சுழற்சியிலேயே கழிகிறது. அங்கே நன்றாக வேலை செய்யும் கார்புரேட்டர்தான் அதற்குத் தேவை.

பெரியது ஏன் கெடுதல் என்பதை விளக்கியாக வேண்டும், ஏனெனில் காற்று அதிகம் போனால் சக்தியும் அதிகம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கார்புரேட்டரின் நடுவே இடுப்புபோல் குறுகும் வென்சுரியில் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவுதான் கார்புரேட்டரின் சிறு பெட்ரோல் தொட்டியான ஃப்ளோட் தொட்டியில் இருக்கும் பெட்ரோலை ஜெட் எனப்படும் அளவான சிறு துளை வழியாக இழுத்து, காற்றோடு நுண்துளிகளாகக் கலக்கச் செய்கிறது. வென்சுரி அகலமாக இருந்தால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் தளர்ந்துவிடும். பெட்ரோல் தாமதமாகவும் பெரிய துளிகளாகவும் வரும். அத்துளிகள், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டின் சுவரில் படிந்து ஓடும். ஒரு சிலிண்டருக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவுமாகப் போய்ச் சேரும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கும், பிளக் கறுக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய்க் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதென்றால், பேரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேயும் ஆபத்து இருக்கிறது என்று பொருள்.

பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்புவதும் சரியன்று. நான்கு வாய், அதாவது காற்று செல்லும் நான்கு வழிகள், கொண்ட கார்புரேட்டர்களின் சிஎஃப்எம் 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளக்கப்படுகிறது. இரண்டு வாய் கார்புரேட்டர்களுக்கோ 3 அங்குலம் என்பது வழக்கம். வேறுபாடு கூடினால் காற்றும் கூடுதலாகப் போகும். அதனால் 500 என்று குறிக்கப்பட்ட இரண்டு வாய் கார்புரேட்டர், நான்கு வாய் அளவுகோலில் 354 மட்டுமே. மறுபுறம், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1965 முதல் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் அளவு 750. ஆனால் அதன் முன்னிரண்டு வாய்கள் மிகச் சிறியவை. பின்னிரண்டு வாய்களுக்கு மேலிருக்கும் காற்றுத் தகடு எஞ்சின் கேட்கும் அளவுக்கே திறக்கும். ஆகவே 750 என்ற எண்ணோடு அது 5.7 லிட்டர் எஞ்சினில் அமைதியாகவும் சிக்கனமாகவும் ஓடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான புதியதை மாட்ட விரும்புகிறவர்களை நான் தடுத்துத்தான் பார்ப்பேன். அடிப்பகுதி அடைப்பான்களில் பெட்ரோல் கசிவது அதன் தெரிந்த குறை; அதைச் சரிசெய்ய எபாக்சிப் பசை போதும்.

நான்கு வாய் கார்புரேட்டரைப் புதிதாகத்தான் வாங்குவது என்றால், பின்னிரண்டு வாய்கள் எப்படித் திறக்கின்றன என்று பாருங்கள். கம்பி இணைப்பால் நேரடியாகத் திறப்பது, எடை குறைந்த, கையால் கியர் மாற்றும் பந்தய வண்டிக்குப் பொருந்தும். பாரம் ஏற்றும் பிக்கப்புக்கு, அதிலும் தானியங்கி கியர்பாக்ஸ் உள்ளதற்கு, வெக்குவத்தால், அதாவது காற்றிழுப்பால் உண்டாகும் அழுத்தக் குறைவால், திறக்கும் வகையே ஏற்றது. காலை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சினுக்குத் தேவை வரும்வரை அது திறக்காது.

ஜப்பானியப் பிக்கப்புகளில் கதை எளிது. ஹைலக்ஸில் ஐசான், டட்சனில் ஹிட்டாச்சி என்று ஆலையிலிருந்து வந்தவை நல்ல கருவிகளே. அவை வலுவிழப்பதற்குக் காரணம் பெரும்பாலும், காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் திருப்பும் த்ராட்டில் தண்டின் தேய்மானம்: தண்டைச் சுற்றிய இடுக்கில் காற்று புகுவதால் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம், நிலைகொள்ளாது. சீர்செய்ய முடியாத நிலையில் வெபர் நிறுவனத்தின் 32/36 கார்புரேட்டருக்கு மாறுவது நியாயமான தேர்வு. அதில் 32 மில்லிமீட்டர் வாய் முதலில் திறக்கும், 36 பின்னர் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாயும் ஒன்றாகத் திறக்கும் 38/38ஐப் பலர் கேட்கிறார்கள். மாற்றம் செய்யாத எஞ்சினுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வெபரின் பெயரைத் தாங்கிய மலிவுப் போலிகளும் இணையத்தில் ஏராளம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். ஜெட்டில் பொறித்த எண்ணும் துளையின் உண்மை அளவும் ஒத்துப்போகாத கார்புரேட்டரை யாராலும் சீராக அமைக்க முடியாது.

நம் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 32 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட ஏறக்குறைய 6 விழுக்காடு குறைவு. குளிர்நாட்டுக்கு அமைத்த ஜெட் இங்கே கலவையைச் சற்றுச் செறிவாக்கும், அதாவது பெட்ரோல் பங்கைக் கூட்டும்; பெரும்பாலும் மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்தால் சரியாகும். கேமரன் மலைக்கு, அதாவது 1,500 மீட்டர் உயரத்துக்கு, அடிக்கடி போகிறவர் செறிவு மேலும் கூடும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக் இங்கே காலையில் சில நொடிகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஆகவே தானியங்கி சோக் முழுமையாகத் திறக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இதைவிடப் பெரிய தொல்லை, சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு வருவது. அடியிலிருந்து ஏறும் வெப்பத்தில் ஃப்ளோட் தொட்டியிலுள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வடியும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து வந்த வண்டிகளில் இந்தக் குறையை அதிகம் காண்கிறேன். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத பேக்லைட் இடைத்தட்டு ஒன்றை வைப்பதும், வி8 என்றால் மேனிஃபோல்டுக்குள் புகைவெப்பம் செல்லும் குறுக்குவழியை அடைப்பதும் தீர்வு. தட்டின் உயரத்தால் பானெட் இடிக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் அழுத்தத்தை அலட்சியம் செய்வது ஆபத்தானது. அமெரிக்க வி8இன் இயந்திரப் பம்ப் 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை கொடுக்கும், வெபருக்கு 3.5க்கு மேல் கூடாது. அழுத்தம் மிஞ்சினால், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் மேலே வழிந்து சூடான எஞ்சின்மீது கொட்டும். பழைய வண்டிகள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு வழி. அழுத்தச் சீராக்கி ஒன்றும் புதிய குழாய்களும் கார்புரேட்டரின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை.

செவர்லேயில் 700ஆர்4 தானியங்கி கியர்பாக்ஸ் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது கார்புரேட்டர் நெம்புகோலோடு இணைந்த கேபிள். புதிய கார்புரேட்டரின் நெம்புகோல் வடிவம் வேறாக இருந்து, கேபிள் சரியான அளவு இழுபடாவிட்டால், கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகள் விரைவில் கருகிவிடும். உரிய திருத்தத் துண்டு கிடைக்கும்வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்பு, குற்றவாளி கார்புரேட்டர்தானா என்பதை உறுதிப்படுத்துங்கள். கம்ப்ரஷன், பற்றவைப்பு நேரம், பிளக், மேனிஃபோல்டு காஸ்கெட் ஆகியவற்றைச் சோதித்து, வெக்குவம் அளவி ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்துக்குள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். முள் ஆடினால் வால்வையோ பற்றவைப்பையோ கவனிக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகும் பழைய கார்புரேட்டரை அதன் அடையாளத் தகட்டோடு பத்திரமாக வைத்திருங்கள். ஆலை கொடுத்த ஜெட் அளவுகளை அறிய அந்தத் தகட்டு எண்ணே வழி. அதன் நெம்புகோல்களும் திருகுகளும் இப்போது கடையில் கிடைப்பதில்லை.